நம்ம சந்தைச் சாமானை வைத்து வெளிநாட்டுப் பழைய சாப்பாடு: யோசனை சொல்லுங்கள்

பாலக்கோடு பொண்ணு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் மாசிக் கடைசியில் உணவுத் திருவிழா வைக்கிறார்கள். எங்கள் துறைக்கு விழுந்த தலைப்பு ‘உலகின் பாரம்பரிய உணவுகள்’. குழுவில் கூடிப் பேசினோம். பாஸ்தா, மோமோ, ஷவர்மாவைத் தாண்டி யாரும் நகரவில்லை. சீஸும் ஆலிவ் எண்ணெயும் ஓசூரில் கிடைக்கும், ஒருநாள் போய் வாங்கிவிடலாம் என்கிறார்கள்.

எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. தருமபுரி உழவர் சந்தையிலும் எங்கள் ஊர் மளிகைக் கடையிலும் கிடைப்பதை மட்டும் வைத்து, வேறொரு நாட்டுக்காரர் தன் வீட்டில் நிஜமாகவே சமைக்கிற சாப்பாட்டைச் செய்ய முடியுமா? ‘அது மாதிரி’ வேண்டாம். அந்த ஊர்க்காரர் யாராவது வந்து பார்த்தால் ‘ஆமாம், எங்கள் அம்மா செய்வதுதான்’ என்று சொல்ல வேண்டும். அடுப்பு இரண்டுதான் தருவார்கள். அசைவம் போடலாம்.

மொரப்பூர் எக்ஸ்பிரஸ்:

மோமோவே போடுங்கள் தங்கச்சி. அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மார்க் போடுகிறவர்களும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

கெலமங்கலம் அக்கா:

மோமோ வண்டிதான் தெருவுக்குத் தெரு நிற்கிறதே தம்பி, அதைத் திருவிழாவிலும் போய்த் தின்ன வேண்டுமா?

பாலக்கோட்டுப் பொண்ணே, வீட்டில் ராகி மாவு இருக்கிறதல்லவா, அங்கிருந்து ஆரம்பி. ராகி முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம். சில ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நம் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. அதனால் களிக்கு வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் நிறைய. மேற்கு உகாண்டாவில் ‘கலோ’ என்று ஒன்று உண்டு. ராகி மாவோடு மரவள்ளி மாவு கலந்து, கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, தட்டையான மரத் துடுப்பால் கிண்டி எடுப்பார்கள். மூடி போட்ட பின்னல் கூடையில் வைத்துப் பரிமாறுவது வழக்கம். நேபாள மலைக் கிராமங்களில் ‘திடோ’. அதையும் ராகியில் செய்வார்கள், மரக்கோதுமையிலும் (பக்வீட்) செய்வார்கள். இலங்கையில் ராகிக்குக் குரக்கன் என்று பெயர், பிட்டும் ரொட்டியும் அவர்கள் வீட்டில் சாதாரணம்.

நாம் நொய்யரிசியை முதலில் வேகவிட்டு, அதன்மேல் மாவைக் குவித்து, வெந்த பிறகு கிண்டுவோம். கலோவுக்கும் திடோவுக்கும் நொய் கிடையாது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் நம் களியையே தட்டில் வைத்துக் கொடி குத்தின கதையாகிவிடும். கவனம்.

பாலக்கோடு பொண்ணு:

அக்கா, மரவள்ளி மாவு எங்கே கிடைக்கும்? ஸ்டார்ச் மில்லில் கேட்கலாமா?

கெலமங்கலம் அக்கா:

மில்லில் கொடுப்பது கிழங்கைக் கரைத்துப் படியவைத்த ஸ்டார்ச். அதைப் போட்டால் களி பசையாக இழுக்கும். உனக்கு வேண்டியது முழுக் கிழங்கின் மாவு. தோலைச் சீவி, மெல்லிய வில்லையாக நறுக்கி, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, ராகி அரைக்கிற மெஷினிலேயே கொடு. கிழங்கைத் தெரிந்தவர்களிடம் வாங்கு, நாம் வேகவைத்துச் சாப்பிடுகிற ரகமாக இருக்கட்டும். மில்லுக்குப் போகிற சில ரகங்களில் கசப்பு இருக்கும், அந்தக் கசப்பில் விஷமும் இருக்கும். மாவு சேர்த்த பிறகு நன்றாக வேகவிடு. ராகி இரண்டு பங்கு, கிழங்கு மாவு ஒரு பங்கு என்று ஆரம்பித்துப் பார்.

மொம்பாசா டு மாரண்டஅள்ளி:

நான் கென்யாவில் வேலை பார்த்துத் திரும்பியவன். அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கென்யா என்றதும் எல்லோரும் ‘உகாலி’ என்ற களியைத்தான் சொல்வார்கள். அது இப்போது பெரும்பாலும் வெள்ளை மக்காச்சோள மாவில்தான் செய்யப்படுகிறது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அது வருவதற்கு முன்னால் அங்கே ராகியும் சோளமும்தான். இன்றும் சந்தையில் ராகி மாவு கிடைக்கும், கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது களியைப் பற்றி இல்லை, அவரைக்கொட்டையைப் பற்றி. நைரோபி சந்தையில் கறுப்பாக, விளிம்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு கொட்டையை மூட்டை மூட்டையாக வைத்திருப்பார்கள். ‘ஞாஹி’ என்பார்கள். அது வேறெதுவும் இல்லை, நம் மொச்சை இனமேதான். மார்கழி, தையில் கிருஷ்ணகிரி பக்கம் நாம் பிதுக்கிப் பிதுக்கிக் குழம்பு வைக்கிறோமே, அதே இனம். நிறம்தான் வேறு. கிக்குயு மக்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு இதை வேகவைத்துக் கொடுப்பார்கள். உருளைக்கிழங்கு, வாழைப்பழம் போட்டு மசிப்பதும் உண்டு. மசாலா எதுவும் கிடையாது. வெங்காயம், உப்பு, அவ்வளவுதான். காய்ந்த மொச்சையை இரவே ஊறப்போட்டால் உங்கள் இரண்டு அடுப்பில் இது ஒரு தொல்லையே இல்லை.

மொரப்பூர் எக்ஸ்பிரஸ்:

மசாலா இல்லாத மொச்சை மசியல். மார்க் விழுந்த மாதிரிதான்.

மொம்பாசா டு மாரண்டஅள்ளி:

தம்பி, சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தளி மலை:

மொம்பாசா அண்ணா, ஒரு சந்தேகம். நாம் களியை மெல்லுவதில்லை. கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவோம். பல்லில் பட்டால் எங்கள் தாத்தா திட்டுவார். அங்கே எப்படி?

மொம்பாசா டு மாரண்டஅள்ளி:

உகாலியை மென்றுதான் சாப்பிடுவார்கள். நம் களியை விட இறுக்கமாக இருக்கும். கையில் உருட்டி, கட்டை விரலால் ஒரு குழி போட்டு, அதில் கீரையை அள்ளிக்கொள்வார்கள். விழுங்குகிறவர்கள் மேற்கு ஆப்பிரிக்காக்காரர்கள். நைஜீரியா, கானா பக்கம் ஃபூஃபூ என்று ஒரு களி. என்னோடு ஒரு நைஜீரியர் வேலை பார்த்தார். நான் வீட்டில் களி கிண்டிக் கொடுத்தபோது, சொல்லிக்கொடுக்காமலே விழுங்கியவர் அவர் ஒருவர்தான். கென்யாக்காரர்கள் மென்றுவிட்டு ‘மண் மாதிரி இருக்கிறது’ என்றார்கள்.

அவர்கள் ஃபூஃபூவுக்கு வைக்கிற குழம்பைப் பார்த்தால் காரணம் புரியும். வெண்டைக்காயைத் துருவிப் போட்டு, கொழகொழவென்று வழுக்க விடுவார்கள். விழுங்குகிற சாப்பாட்டுக்கு வழுக்குகிற குழம்பு வேண்டும். நம் ஊரில் களிக்குக் கீரைக் கடைசலும் கொள்ளுக் கடைசலும் ஏன் பொருந்துகிறது, பொரியலும் கூட்டும் ஏன் பொருந்துவதில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

அரூர் வாத்தியார்:

பேச்சு நன்றாகப் போகிறது. மக்காச்சோளம் என்று ஒருவர் சொன்னதால் ஒரு செய்தி. வடக்கு இத்தாலியில் ‘பொலெண்டா’ என்று மக்காச்சோளக் களி உண்டு. மக்காச்சோளம் வருமுன் அதையே தினை வகைகள், மரக்கோதுமை, உலர்ந்த செஸ்நட் கொட்டை மாவு எனப் பலவற்றில் கிண்டினார்கள். பிறகு ஏழை விவசாயிகள் மூன்று வேளையும் மக்காச்சோளக் களி மட்டுமே தின்னும் நிலை வந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், புத்தி பேதலிக்கும். நயாசின் என்ற சத்துக் குறைவுதான் காரணம் என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. மெக்சிகோவில் அதே மக்காச்சோளத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தின்றவர்களுக்கு இந்த நோய் வரவில்லை. அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். சுண்ணாம்பு அந்தச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவித்துவிடும். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். பயிர் கடல் தாண்டிப் போனது, பக்குவம் போகவில்லை.

ஆகவே பாலக்கோட்டு மாணவி ‘பாரம்பரியம்’ என்று எழுதும்போது யோசிக்க வேண்டும். மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடந்த 500 ஆண்டுகளுக்குள் வந்தவை. உகாண்டாவின் கலோவில் மரவள்ளி எப்படிப் பாரம்பரியம் ஆகும்?

கெலமங்கலம் அக்கா:

சார், அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் காரக்குழம்பும் பாரம்பரியம் இல்லை. மிளகாய் போடாமல் உங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைப்பார்களா?

அரூர் வாத்தியார்:

வைக்க மாட்டார்கள் அம்மா. நான் கேட்டது எவ்வளவு காலம் ஆனால் பாரம்பரியம் என்பதைத்தான்.

சாமல்பட்டி கப்பல்:

வாத்தியார் சாருக்கு நான் பதில் சொல்கிறேன். அப்படியே அந்தப் பொண்ணுக்கும் ஒரு சாப்பாடு கிடைக்கும்.

நான் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். கூட வேலை பார்த்தவர் செனகல் நாட்டுக்காரர். அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வைக்கிற ‘செபு ஜென்’ என்ற மீன் சோறுதான் அவர்கள் நாட்டுக்கே அடையாளம். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. முதல் தடவை அவர் சாமான் எடுத்துவைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். நொய்யரிசி. மீன். கருவாடு. புளி. தக்காளி. மரவள்ளிக்கிழங்கு. கத்தரிக்காய், முட்டைக்கோஸ், கேரட். எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையை அப்படியே கப்பலில் இறக்கிய மாதிரி இருந்தது.

செய்முறை சொல்கிறேன். கொத்துமல்லி போல இருக்கும் பார்ஸ்லி இலை, பூண்டு, பச்சை மிளகாய், மிளகு, உப்பு எல்லாவற்றையும் இடித்து, தடிமனான மீன் துண்டில் கத்தியால் ஓட்டை போட்டு உள்ளே திணிக்க வேண்டும். மீனை எண்ணெயில் பொரித்து எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயமும் தக்காளி விழுதும் வதக்கவும். விழுது கறுஞ்சிவப்பாகிற வரை பொறுமையாக வதக்க வேண்டும், ருசியே அங்கேதான். அப்புறம் தண்ணீர் ஊற்றி, காய்களைப் பெரிய பெரிய துண்டாகப் போட்டு, மீனையும் கொஞ்சம் கருவாட்டையும் போட்டு வேகவிட வேண்டும். வெந்தது ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, கழுவிய நொய்யைக் கொஞ்சம் ஆவியில் காட்டி, அந்தச் சாற்றில் கொட்டி மூடி, சிறு தீயில் வேகவிடுங்கள். அடியில் ஒரு தீய்ந்த காந்தல் பிடிக்கும். அதைச் சுரண்டித் தனித் தட்டில் வைப்பார்கள், அதற்குத்தான் சண்டை. பெரிய தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி, மேலே மீனும் காயும் அடுக்கி, சாற்றில் கரைத்த புளியை ஓரத்தில் வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

இப்போது வாத்தியார் கேள்வி. செனகலுக்கு நொய்யரிசி எப்படி வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டு நிலத்தையெல்லாம் நிலக்கடலைக்குத் திருப்பினார்கள். மக்களுக்குச் சாப்பாட்டுக்குத் தங்கள் இன்னொரு காலனியான இந்தோசீனாவிலிருந்து (இன்றைய வியட்நாம் பக்கம்) உடைந்த அரிசியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். மலிவுச் சரக்கு. செயின்ட் லூயி நகரத்துச் சமையல்காரி பெண்டா ம்பாயே என்பவர்தான் முதலில் இந்தச் சோற்றைச் சமைத்தார் என்று செனகல்காரர்கள் சொல்வார்கள். இன்று முழு அரிசி கொடுத்தாலும் அவர்கள் இந்தச் சோற்றுக்கு நொய்யைத்தான் தேடுவார்கள், நொய்தான் சாற்றைக் குடிக்கும். இது பாரம்பரியமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள் சார். சாப்பிடுகிற நேரத்தில் நான் அதைக் கேட்கவில்லை.

அரூர் வாத்தியார்:

ஏற்றுக்கொள்கிறேன். விளக்க அட்டையில் அந்த நொய்யரிசிக் கதையைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

தளி மலை:

கப்பல் அண்ணா, பார்ஸ்லி இங்கே கிடைக்காதே. கொத்துமல்லி போட்டால் ஆகாதா?

சாமல்பட்டி கப்பல்:

ஓசூரில் ஓட்டலுக்கு இங்கிலீஷ் காய்கறி போடுகிற கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கொத்துமல்லித் தண்டோடு போடுங்கள், அட்டையிலும் ‘கொத்துமல்லி’ என்றே எழுதுங்கள். மீன் கடல் மீனாக இருந்தால் நல்லது. கிருஷ்ணகிரி அணை மீனோ ஒகேனக்கல் மீனோ என்றால் முள் குறைவான பெரிய மீனாகப் பாருங்கள். ஜிலேபி மீனில் திணிக்க இடம் போதாது.

ஊத்தங்கரை சைவம்:

சைவத்துக்கு ஒன்றும் இல்லையா? கருவாடு வாசனை வந்தால் பாதிப் பேர் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

கெலமங்கலம் அக்கா:

இருக்கிறதே. நேபாளத் திடோவுக்குத் துணை ‘குந்த்ருக்’. கடுகுக் கீரை, முள்ளங்கி இலை எல்லாவற்றையும் வாடவிட்டு, கசக்கி, மண் ஜாடியில் காற்றுப் போகாமல் அழுத்தி அடைத்து ஒரு வாரம் புளிக்க வைப்பார்கள். அப்புறம் வெயிலில் காயவைத்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். மலையில் பச்சைக் கீரை கிடைக்காத மாதங்களுக்கு அதுதான். தக்காளி, மிளகாய் போட்டுச் சாறு வைத்தால் புளிப்பாக, களிக்கு அமிர்தமாக இருக்கும். முள்ளங்கி இலையை நம் சந்தையில் வெட்டிப் போட்டுவிடுகிறார்கள், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இப்போதே ஆரம்பித்தால் மாசிக்குத் தயார்.

உகாண்டாவின் கலோவுக்கும் ஒரு சைவக் குழம்பு உண்டு. அன்கோலே பகுதி மாட்டுக்காரர்களின் ‘எஷாப்வே’. காய்ச்சாத நெய்யை, அதாவது வெண்ணெயை, குளிர்ந்த தண்ணீரும் கல்லுப்புத் தண்ணீரும் விட்டு வெள்ளையாக நுரைக்கிற வரை அடிப்பார்கள். கல்யாணச் சாப்பாடு அது. நல்ல வெண்ணெய் வேண்டும், பாக்கெட் வெண்ணெயில் வராது.

பாலக்கோடு பொண்ணு:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நன்றி! எத்தியோப்பியாவின் ‘இஞ்செரா’ செய்யலாமா? வீடியோவில் பார்த்தால் நம் தோசை போலவே இருக்கிறது. டெஃப் தானியம் மட்டும் இல்லை. ராகியில் ஊற்றினால்?

மொம்பாசா டு மாரண்டஅள்ளி:

நைரோபியில் எத்தியோப்பிய ஓட்டல்கள் நிறைய. நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். டெஃப் விலை அதிகம், அதனால் அங்கேயே சோளம், பார்லி, ராகி எல்லாம் கலந்து ஊற்றுகிற வீடுகள் உண்டு. எனவே ராகி போட்டால் தப்பில்லை. ஆனால் தனி ராகியில் விரிசல் விடும், ஓரம் உடையும். நாலு நாள் புளிக்க வைக்க வேண்டும், முந்தைய மாவின் மேல் நிற்கிற தண்ணீரைத்தான் உறையாக விடுவார்கள். ஒரு பக்கம்தான் வேகும், திருப்பக் கூடாது, மூடி போட்டு ஆவியில் வேகவிட்டால் மேலே கண் கண்ணாக விழும். பெரிய கல் வேண்டும். இரண்டு அடுப்பில் ஒன்றை இது முழு நாளும் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

மொரப்பூர் எக்ஸ்பிரஸ்:

நான் ஒன்று உருப்படியாகச் சொல்கிறேன். புது மாங்காயை வைத்து ஏதாவது? கிருஷ்ணகிரி என்றாலே மாங்காய்தானே.

கெலமங்கலம் அக்கா:

மாசியில் பூவும் பிஞ்சும்தான் இருக்கும். பெங்களூரா மாங்காய் வைகாசிக்கு வா. ஆனி வரையும் கிடைக்கும்.

தளி மலை:

மாங்காய் இல்லாவிட்டால் புளி இருக்கிறதே. மாசியில் புதுப் புளி அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், எங்கள் ஊரிகம் பக்கம் காய் ஒவ்வொன்றும் முழ நீளம் (சரி, முழம் கொஞ்சம் அதிகம்தான்). மெக்சிகோவில் ‘ஆக்வா தெ தமரிந்தோ’ என்று புளித் தண்ணீர் விற்காத தெரு இல்லை. ஓடு உரித்த புளியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி, ஆறிய பிறகு பிசைந்து வடிகட்டி, சர்க்கரை போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் குளிரவைத்துக் கொடுப்பார்கள். ஏலக்காய், சுக்கு எதுவும் போடாதீர்கள், போட்டால் நம் பானகம் ஆகிவிடும். பழைய கறுத்த புளி வேண்டாம், புதுசில்தான் அந்தப் பழ வாசனை.

புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. புர்கினா ஃபாசோவில் சோளக்களி கிண்டும்போதே புளித் தண்ணீர் விட்டுக் கிண்டுவார்கள். பக்கத்து மாலியில் அதே களிக்குச் சாம்பல் காரத் தண்ணீர் விடுவார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ‘தோ’.

கெலமங்கலம் அக்கா:

புளித் தண்ணீரில் களியா! இந்த ஞாயிறு கிண்டிப் பார்த்துவிடுகிறேன்.

பாலக்கோடு பொண்ணு:

குழுவில் பேசி முடித்துவிட்டோம். மீன் சோறு ஒரு அடுப்பு. கலோவும் திடோவும் மாற்றி மாற்றி இன்னொரு அடுப்பு. ஞாஹி மசியலும் குந்த்ருக்கும் புளித் தண்ணீரும் வீட்டிலிருந்தே செய்து எடுத்துப் போகிறோம், அவற்றுக்கு அங்கே அடுப்பே வேண்டாம். பாஸ்தா கேட்ட இரண்டு பேர் கோபமாக இருக்கிறார்கள், ஆனால் செலவுக் கணக்கைக் காட்டியதும் அடங்கிவிட்டார்கள். ராகி ரேஷனில் கொடுத்ததே வீட்டில் இருக்கிறது.

கடைசிச் சந்தேகம் கப்பல் அண்ணாவுக்கு. நூறு பேருக்குச் சின்னச் சின்னக் கிண்ணத்தில் கொடுக்க நொய் எவ்வளவு போடலாம்? கருவாடு எது?

சாமல்பட்டி கப்பல்:

ருசி பார்க்கத்தானே, ஆறு கிலோ நொய் தாராளம். ஒரே அண்டாவில் போடாதே, அடி முழுக்கக் கருகிவிடும். இரண்டாகப் பிரித்து, ஒன்று முடிந்ததும் அடுத்தது. அவர்கள் போடுவது புளிக்கவைத்துக் காயவைத்த மீன், வாடை தூக்கும். இங்கே உப்பு குறைவான வாளைக் கருவாடு வாங்கி, வெந்நீரில் அலசி, முள் எடுத்துக் கால் கிலோ போடு. சைவக்காரர் மேஜையைக் காற்று வரும் பக்கம் வைத்துவிடு.

ஊத்தங்கரை சைவம்:

நன்றி அண்ணா.

மொரப்பூர் எக்ஸ்பிரஸ்:

தேதி சொல்லுங்கள் தங்கச்சி. அந்தக் காந்தல் சோற்றில் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்க வேண்டும்.